லைட் எரியுது, ஃபேன் சுத்துது... வயர் நல்லா இருக்கா? மழைக்காலத்துக்கு முன் ஒரு 'மெகர்' டெஸ்ட்!

ஐப்பசி பிறந்து மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் போதும், தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இந்தப் பேச்சு நடக்கும்.

"தம்பி, காலையிலேர்ந்து நாலு தடவை டிரிப் ஆயிடுச்சு. தூக்கி விட்டா அஞ்சு நிமிஷம் நிக்குது, திரும்ப விழுந்துடுது."

"அந்த டிரிப்பர் வீக் ஆயிடுச்சுக்கா. அதை எடுத்துட்டு நேரா குடுத்துடறேன். அப்புறம் டிரிப்பே ஆகாது."

பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அவர் சொன்னது போலவே அதன் பிறகு டிரிப் ஆகாது. திருடனைப் பார்த்துக் குரைத்த நாயை, சத்தம் தாங்க முடியவில்லை என்று ஊர் எல்லையில் விட்டுவிட்டு வந்த கதைதான் இது. நாய் போய்விட்டது. திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

நாம் டிரிப்பர் என்று சொல்கிற ஆர்.சி.சி.பி. (பழைய ஆட்களுக்கு இ.எல்.சி.பி.) பார்க்கிற கணக்கு ரொம்ப எளிமையானது. ஃபேஸ் வயரில் வீட்டுக்குள் போன கரன்ட் முழுவதும் நியூட்ரல் வயரில் திரும்பி வருகிறதா என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால்கூட, 'வழியில் எங்கேயோ ஒழுகுகிறது' என்று கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையை நிறுத்திவிடும். பக்கத்தில் இருக்கும் எம்.சி.பி.க்கு இந்த வேலை தெரியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், கரன்ட் அந்த அளவைத் தாண்டிய பிறகுதான் அது அசையும். ஆனால் மனித இதயத்தை நிறுத்த ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே தாராளம். ஒருவர் ஷாக் அடித்துத் துடித்துக்கொண்டிருக்கும்போது எம்.சி.பி. பாட்டுக்கு ஆன் நிலையிலேயே இருக்கும்.

ஆக, டிரிப்பர் விழுகிறது என்றால் பெரும்பாலும் எங்கேயோ ஒழுகுகிறது. அது எந்த இடம்? சுவருக்குள் போகும் வயரைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் பையில் இருக்கும். அதுதான் மெகர்.

எரிகிற பல்பு சொல்லாத விஷயம்

வயரில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. உள்ளே செம்புக் கம்பி, வெளியே பிளாஸ்டிக் உறை. கரன்ட்டைக் கொண்டு போவது செம்பு. கரன்ட் வெளியே வராமல் பிடித்து வைத்திருப்பது உறை. அந்த உறையைத்தான் இன்சுலேஷன் என்கிறோம். ஸ்விட்சைப் போட்டால் பல்பு எரிகிறது என்றால் செம்பு பாஸ் என்று அர்த்தம். உறை பாஸா, ஃபெயிலா என்று பல்புக்குத் தெரியாது. உறை விரிசல் விட்டு, ஈரச் சுவரோடு உரசிக்கொண்டிருந்தாலும் பல்பு அதே பிரகாசத்தில்தான் எரியும்.

புது வீடு கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பிளம்பர் எல்லாக் குழாய் வாயையும் அடைத்துவிட்டு, பம்ப் வைத்து பிரஷர் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். சாதாரணமாகத் தண்ணீர் திறந்துவிட்டால் தெரியாத ஒழுகல் அந்த அழுத்தத்தில் தெரிந்துவிடும். மெகர் செய்வதும் இதே வேலைதான். வீட்டு வயரிங்குக்கு 500 வோல்ட் டி.சி. அழுத்தத்தைக் கொடுத்து, உறை வழியாக எவ்வளவு கசிகிறது என்று பார்த்து, அதை மெகா ஓம் கணக்கில் காட்டும். ஒரு மெகா ஓம் என்றால் 10 லட்சம் ஓம். எண் பெரிதாக இருந்தால் உறை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

'எங்க வீட்டு எலெக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்துட்டு ஓகே சொல்லிட்டாரே' என்று சிலர் கேட்கலாம். மல்டிமீட்டரில் இருப்பது சின்ன பேட்டரி. அது கொடுக்கிற சில வோல்ட்டுக்கு, விரிசல் விட்ட உறைகூட நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். ஆனால் நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி., ஒவ்வொரு அலையின் உச்சியிலும் சுமார் 325 வோல்ட்டைத் தொட்டுவிட்டு வருகிறது. அதையும் தாண்டிய அழுத்தத்தில் சோதித்தால்தான் உண்மை வெளியே வரும். அதனால்தான் 500 வோல்ட்.

மெகர் என்பது உண்மையில் ஒரு பிராண்டின் பெயர். பிரதி எடுப்பதை ஜெராக்ஸ் என்கிறோமே, அதுபோல. இங்கிலாந்தின் சிட்னி எவர்ஷெட் 1889-லேயே கையில் தூக்கிச் செல்லும் இன்சுலேஷன் சோதனைக் கருவிக்கு வழி செய்துவிட்டார். மெகர் என்ற பெயர் 1903-ல் வர்த்தக முத்திரையாகப் பதிவானது. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால், உள்ளே இருக்கும் சின்ன டைனமோ தேவையான வோல்டேஜை உண்டாக்கிவிடும். பேட்டரி வேண்டாம், சார்ஜர் வேண்டாம். நம் ஊர் மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் இன்றைக்கும் இந்தக் கைச்சுற்று மெகரைப் பார்க்கலாம். இப்போது பட்டனை அழுத்தினால் எண் காட்டும் டிஜிட்டல் மெகர்கள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், இவ்வளவு விலை இறங்கிய பிறகும் மெகர் இல்லாமல் வயரிங் வேலைக்கு வருவது, தெர்மாமீட்டர் இல்லாமல் காய்ச்சல் பார்க்க வருவது போலத்தான்.

எண்ணைப் படிக்கலாம் வாங்க

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் கேட்பது, 500 வோல்ட் டி.சி. அழுத்தத்தை ஒரு நிமிடம் கொடுத்தால் குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும் என்பதைத்தான். புது இணைப்புக்காகக் கொடுக்கும் வயரிங் சோதனை அறிக்கையில் இன்சுலேஷன் அளவுக்கும் ஒரு கட்டம் இருக்கும். பல வீடுகளில் அது வீட்டுக்காரர் கண்ணில் படாமலேயே நிரப்பப்பட்டுவிடுகிறது என்பது வேறு கதை.

ஒரு மெகா ஓம் என்றால் எவ்வளவு கசியும்? 230-ஐ 10 லட்சத்தால் வகுத்தால் 0.23 மில்லி ஆம்பியர். நம் கைக்கே தெரியாத அளவு. அதே ரீடிங் 10,000 ஓமுக்கு இறங்கிவிட்டால் கசிவு 23 மில்லி ஆம்பியர் ஆகிவிடும். டிரிப்பர் விழலாமா, வேண்டாமா என்று யோசிக்கும் இடம் இது. சரியாக 30 மில்லி ஆம்பியரைத் தொட சுமார் 7,700 ஓம். வெயில் அடித்தால் நிற்கிறது, மழை வந்தால் விழுகிறது என்றால், உங்கள் வீட்டின் ஏதோ ஒரு வயர் இந்த எல்லைக்கோட்டில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஒரு மெகா ஓம் என்பது பாஸ் மார்க் மட்டும்தான். நல்ல புது வயரிங் 100-க்கும் மேலே காட்டும். பல மீட்டர்களில் அளவே முடிந்துபோகும். எண்ணைவிட முக்கியமானது, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. போன வருடமும் 5, இந்த வருடமும் 5 காட்டுகிற வயரிங் எனக்குப் பெரிதாகக் கவலை தராது. போன வருடம் 200 காட்டியது இந்த வருடம் 20 என்றால், பாஸ் மார்க்கைவிட 20 மடங்கு இருந்தாலும் தேட ஆரம்பித்துவிட வேண்டும். சர்க்கரை அளவு பார்க்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒழுகுகிற இடங்கள்

எங்கேதான் கெட்டுப்போகிறது? வயரின் பி.வி.சி. உறைக்கு முதல் எதிரி சூடு. பொதுவாக 70 டிகிரி வரை தாங்கும்படி தயாரிக்கப்படும் உறை, ஏ.சி.யும் ஹீட்டரும் ஒரே மெல்லிய வயரில் ஓடினால் வருடக்கணக்கில் வெந்து, மடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். இரண்டாவது எதிரி தண்ணீர். மொட்டைமாடியில் தேங்கும் மழைநீர், கான்கிரீட்டில் புதைத்த பைப்புக்குள் இறங்கி, ஃபேன் கொக்கி இருக்கும் பெட்டிக்கு வந்து சேரும். சீலிங்கில் ஃபேனைச் சுற்றிப் பழுப்பாக வட்டம் தெரிகிறதா? பெயின்ட் அடிப்பதற்கு முன் அந்த லைனை மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு எலி, பல்லி, எறும்பு. சாமி படம் மாட்டச் சுவரில் அடித்த ஆணி. கேட் விளக்குக்கும் மோட்டாருக்கும் போகும் வயரில் நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி, அவிழ்ந்து நிற்கும். மேலே மழை பெய்யும்.

வயரைவிட அதிகமாக மாட்டிக்கொள்வது சாதனங்கள்தான். அதிலும் வாட்டர் ஹீட்டர். அதன் எலிமென்ட் ஒரு உலோகக் குழாய். நடுவில் சூடாகும் கம்பிச் சுருள், அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. சூட்டைக் கடத்திக்கொண்டே கரன்ட்டைத் தடுப்பது இந்தப் பொடியின் சாமர்த்தியம். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சக்கூடியது. கோடை முழுக்க ஹீட்டரைப் போடாமல் வைத்திருந்து, கார்த்திகைக் குளிருக்கு ஸ்விட்சைத் தட்டினால் வீடே இருட்டாவது இதனால் இருக்கலாம். உப்புத் தண்ணீர் ஏறும் வீடுகளில் குழாயே அரித்து ஊசித் துளை விழும். ஹீட்டரை மட்டும் கழற்றி மெகர் வைத்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், குற்றவாளி ஹீட்டரா, சுவருக்குள் இருக்கும் வயரா என்று. இதைச் செய்யாமல் சுவரை உடைத்தவர்கள் எத்தனை பேரோ!

கிரைண்டர், வாஷிங் மெஷின், பழைய ஃபிரிட்ஜ் மூன்றும் அடுத்து. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் சுருக்கென்று அடிக்கிறது, செருப்பு போட்டால் அடிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டும் வீடுகள் இருக்கின்றன. மூன்று முள் பிளக்கின் பெரிய முள் சரியான எர்த்தோடு சேர்ந்திருந்தால், அந்தக் கசிவு எர்த் வழியாகப் போய், யாரும் தொடுவதற்கு முன்பே டிரிப்பரை விழவைத்திருக்கும். எர்த் இல்லாத வீட்டில் கசிவு ஒரு ஆளுக்காகக் காத்திருக்கும். குளித்துவிட்டு ஈரக் காலோடு தண்ணீர் பாட்டில் எடுக்க வரும் குழந்தைதான் அந்த ஆளாக இருக்க வேண்டுமா?

தோட்டத்து மோட்டார்

கிராமத்தில் மெகரின் மதிப்பு நகரத்தைவிட நன்றாகவே தெரியும். போர்வெல்லில் பல நூறு அடி ஆழத்தில் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டாரைப் பழுது பார்க்க மேலே தூக்குவது என்பது ஆள் கூலி, வண்டி வாடகை, பயிர் வாடும் கவலை எல்லாம் சேர்ந்தது. அதனால் விவரம் தெரிந்த மெக்கானிக், இறக்குவதற்கு முன்பே மோட்டாருக்கு மெகர் வைப்பார். கேபிள் ஜாயின்ட்டைத் தண்ணீர் நிறைத்த டிரம்மில் ஊறவைத்து அதற்கும் ஒரு முறை வைப்பார். தரையில் 100 காட்டிவிட்டுத் தண்ணீரில் சரிகிற ஜாயின்ட்டை அங்கேயே வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி போடுவார்கள். அரை மணி நேர வேலை, ஒரு வாரத் துன்பத்தை மிச்சப்படுத்தும்.

தரைக்கு மேலே ஓடும் மோட்டார் மழையில் நனைந்துவிட்டால், பட்டறைக்காரர் அதைப் பிரித்து, காயில் நடுவே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு ராத்திரி முழுக்க வைத்திருப்பார். காலையில் மெகர் வைத்துப் பார்ப்பார். எண் ஏறியிருந்தால் ஈரம்தான் பிரச்னை, மோட்டார் பிழைத்தது. ஏறவே இல்லை என்றால் காயிலே பாடியோடு சேர்ந்துவிட்டது, ரீவைண்டிங்தான். ஈரத்தால் வந்த கோளாறையும் முதுமையால் வந்த கோளாறையும் பிரித்துச் சொல்ல இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. பெரிய தொழிற்சாலைகளில் ஒரு நிமிட ரீடிங்கையும் பத்து நிமிட ரீடிங்கையும் ஒப்பிட்டு இதையே கொஞ்சம் நுணுக்கமாகச் செய்கிறார்கள். நல்ல காயிலில் நேரம் போகப் போக எண் ஏறிக்கொண்டே இருக்கும். ஈரமான காயிலில் முள் நகராமல் முரண்டு பிடிக்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தரைத்தளத்து மீட்டர் பெட்டி வரை தண்ணீர் ஏறிய தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. 'தண்ணி வடிஞ்சிடுச்சே, இன்னும் ஏன் குடுக்கல' என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் தெருவில் தண்ணீர் வடிவதும், ஸ்விட்ச் பெட்டிக்குள்ளும் பைப்புக்குள்ளும் தண்ணீர் வடிவதும் ஒன்றல்ல. பைப்பில் நிற்கும் வெள்ள நீர் சாக்கடையும் உப்பும் கலந்தது, கரன்ட்டை நன்றாகக் கடத்தும்.

தண்ணீர் புகுந்த வீட்டில் தெருவுக்கு சப்ளை வந்ததும் மெயினைத் தூக்கிவிடக் கூடாது. மூழ்கிய பிளக் பாயின்ட்களைத் திறந்து காயவைத்து, ஒவ்வொரு லைனாக மெகர் வைத்து, தேறியதை மட்டும் இணைக்க வேண்டும். மேல்மாடி லைன் 50 காட்டும், தரைத்தளம் 0.05 காட்டும். தரைத்தளத்தைக் கழற்றிவிட்டு மேலே மட்டும் சப்ளை கொடுத்துக்கொள்ளலாம். இருட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அதுவே பெரிய விஷயம். மூழ்கிய மிக்ஸி, கிரைண்டரை வெயிலில் இரண்டு நாள் வைத்துவிட்டுப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். அவற்றையும் மெகர் பார்த்துவிட்டுத்தான்.

எலெக்ட்ரீஷியன் வந்தால் என்ன நடக்கும்?

இது நாமே செய்து பார்க்கிற யூடியூப் சமாசாரம் இல்லை. 500 வோல்ட் கையில் பட்டால் நன்றாகவே தூக்கிப் போடும். நீளமான கேபிளில் சோதனை முடிந்த பிறகும் சார்ஜ் தங்கியிருக்கும், அதை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும். உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்கள். ஆனால் அவர் செய்வது சரியா என்று பார்க்க நமக்குத் தெரிந்திருக்கலாம்.

முதலில் மெயினை ஆஃப் செய்து, சப்ளை இல்லை என்று உறுதி செய்வார். இன்வெர்ட்டரையும் மறக்காமல் பிரிக்க வேண்டும். மெயின் ஆஃப் ஆனதும் இன்வெர்ட்டர் சத்தமில்லாமல் பாதி வீட்டுக்கு சப்ளை கொடுத்துக்கொண்டிருக்கும்! பிறகு டி.வி., ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாப் பிளக்கையும் உருவி, எல்.இ.டி. பல்புகளைக் கழற்றி, எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரையும் பிரிக்கச் சொல்வார். சலித்துக்கொள்ளாதீர்கள். 500 வோல்ட் நுழைந்தால் எலெக்ட்ரானிக் பாகங்கள் பொசுங்கிவிடும், ரீடிங்கும் தப்பாக வரும். சாதனம் எதையும் பிரிக்காமல் 'டெஸ்ட் முடிஞ்சுது சார்' என்று ஒருவர் சொன்னால் அவர் டெஸ்ட் செய்யவில்லை.

அடுத்து லைட், ஃபேன் ஸ்விட்சுகளை ஆன் செய்துவைத்து, ஃபேஸும் நியூட்ரலும் ஒரு பக்கம், எர்த் மறுபக்கம் என்று ரீடிங் எடுப்பார். பிறகு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில். மொத்த வீடும் மோசமாகக் காட்டினால் ஒவ்வொரு லைனாகப் பிரித்துத் தேடுவார். இங்கே பலரும் கோட்டைவிடுகிற இடம் நியூட்ரல். சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் தொடர்ந்து இணைப்பில்தான் இருக்கும். நியூட்ரல் வயர் எங்கேயோ ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால், எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டாலும் டிரிப்பர் விழலாம். உடனே 'டிரிப்பர்தான் போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நியூட்ரலையும் லைன் வாரியாகக் கழற்றி மெகர் வைக்காமல் அந்தத் தீர்ப்பை ஏற்காதீர்கள்.

டிரிப்பர் நிஜமாகவே கெட்டுப்போவதும் உண்டு. அதற்கு அதன் மேலேயே 'T' என்று ஒரு பட்டன் இருக்கிறது. சப்ளை இருக்கும்போது அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் புதிது மாற்றுங்கள். மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கலாம். ஆனால் அந்த பட்டன் டிரிப்பரை மட்டும்தான் சோதிக்கும். வயரின் உறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பது? பழைய வீடு வாங்குவதற்கு முன், வீட்டில் தண்ணீர் புகுந்த பின், சுவரில் பெரிய வேலை நடந்த பின், டிரிப்பர் காரணமில்லாமல் விழ ஆரம்பித்தால் - இந்த நான்கு சமயங்களிலும் தள்ளிப்போட வேண்டாம். மற்றபடி 20 வருடம் தாண்டிய வீட்டில் புரட்டாசி முடிவதற்குள் ஒரு முறை பார்த்துவிடலாம் என்பது என் கட்சி.

எலெக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு சின்ன அட்டையில் தேதி, ஹால், பெட்ரூம், சமையலறை, மோட்டார் என்று லைன் வாரியாக அவர் சொல்லும் மெகா ஓம் எண், அன்றைக்கு மழையா, வெயிலா - இவ்வளவும் எழுதி, மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வருகிறவர் வேறு ஆளாக இருந்தாலும், கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் படிப்பார்.